பிரதமரே எல்லா நாட்டுக்கும் போய் வருகிறார், பிறகு வெளியுறவு அமைச்சருக்கு என்ன வேலை?

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மாலையில் அண்ணா நகரில், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்வதேசச் சட்டம் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

எந்த அதிகாரப் பத்திரமும் காட்டாமல் ஒரு நாட்டின் சார்பில் உடன்படிக்கை செய்யக்கூடியவர்கள் மூன்றே பேர். நாட்டின் தலைவர் (நமக்குக் குடியரசுத் தலைவர்), அரசின் தலைவர் (நமக்குப் பிரதமர்), வெளியுறவு அமைச்சர். உடன்படிக்கைகள் பற்றிய 1969 வியன்னா ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நிதியமைச்சரோ பாதுகாப்பு அமைச்சரோ கையெழுத்துப் போடப் போனால், பொதுவாக அரசிடமிருந்து எழுத்தில் அதிகாரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். வெளியுறவு அமைச்சருக்கு அந்த நாற்காலியே அதிகாரம்.

அந்த அதிகாரத்தின் கனம் புரிய கிரீன்லாந்து வழக்கைப் பார்க்க வேண்டும். கிரீன்லாந்து முழுவதும் தனக்கே என்று மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று டென்மார்க் முயன்றுகொண்டிருந்த காலம். 1919 ஜூலை 22 அன்று நார்வேயின் வெளியுறவு அமைச்சர் ஈலன், தன்னைப் பார்க்க வந்த டென்மார்க் தூதரிடம் இந்த விஷயத்தில் நார்வே எந்தச் சிக்கலும் செய்யாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். கையெழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. 1931இல் நார்வே கிழக்கு கிரீன்லாந்தில் கொடி நட்டது. வழக்கு ஹேக் நகரில் இருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தன் துறைக்கு உட்பட்ட விஷயத்தில் வெளியுறவு அமைச்சர் அரசின் சார்பில் சொன்ன பதில் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும் என்று 1933இல் தீர்ப்பு வந்தது. நார்வே தோற்றது. ஒரு மனிதர் தன் அறையில் உட்கார்ந்து சொன்ன ஒரு வாக்கியம், பதினான்கு வருடம் கழித்து ஒரு நாட்டின் கையைக் கட்டிப்போட்டது. இந்த வழக்கை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு அமைதி விழும்.

பதவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சில் மன்னரின் முதலமைச்சர் ரிஷ்லியூ காலத்தில், 1626இல், வெளிநாட்டு விவகாரம் முழுவதும் ஒரே செயலரின் பொறுப்பில் வந்தது. பிரிட்டனில் 1782 வரை வடக்கு இலாகா, தெற்கு இலாகா என்று இரண்டாகக் கிடந்த வேலை அந்த வருடம் ஒரே அலுவலகமானது. சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் முதல் வெளியுறவு அமைச்சர். மறு வருடமே, 1783இல், கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் வெளிநாட்டு விவகாரங்களுக்கென ஒரு இலாகாவைத் தொடங்கியது. இன்றைய நம் அமைச்சகத்தின் வேர் அதுதான்.

சுதந்திர இந்தியாவில் கதை வேறு மாதிரிப் போனது. நேரு பிரதமராக இருந்த பதினேழு வருடமும் வெளியுறவையும் தானே வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம் இன்றுவரை முழுதாக விடவில்லை என்பது என் கருத்து. இந்திரா, ராஜீவ், வாஜ்பாய், மன்மோகன் சிங் என்று பல பிரதமர்கள் சில காலம் இந்தத் துறையைக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது வெளியுறவுத் துறை ராஜீவிடமே இருந்தது. அதனால் நம் நாட்டில் வெளியுறவு அமைச்சரின் பலம், பிரதமர் அவருக்கு எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைப் பொறுத்தது. சட்டம் கொடுக்கும் அதிகாரம் ஒன்று, பிரதமர் கொடுக்கும் இடம் இன்னொன்று.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் குடியுரிமை இல்லாமல் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அந்தக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. அப்போது வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்.

பத்து வருடம் கழித்து, 1974 ஜூனில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனபோதும் அதே ஸ்வரண் சிங்தான் அமைச்சர். கையெழுத்துக்குச் சில நாள் முன்பு, அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வரைக் கோட்டையில் சந்தித்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்றைக்கும் அரசியல் சண்டையாக இருக்கிறது. ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆனால் மீனவர்களை அதிகம் பாதித்தது 1976 மார்ச்சில் நடந்தது. ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பது, இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் வந்தது. அப்போது சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே கிடையாது; ஜனவரி 31 அன்றே கலைத்துவிட்டார்கள். கேட்க வேண்டிய இடத்தில் ஆளே இல்லாதபோது வாக்குக் கொடுக்கப்பட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கொதிக்கிறது. வெளிநாட்டு விவகாரம் டெல்லிக்கு மட்டுமே உரிய ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, உடன்படிக்கைக்குப் பொதுவாக நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்துக்காரர்கள். படகு பிடிபடும்போதெல்லாம் நம் முதல்வர்கள் டெல்லிக்குக் கடிதம் எழுதுவது ஏன் ஓயவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

நல்ல உதாரணமும் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கே மாட்டிக்கொண்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் நிறைய. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டிப்பிடித்த படம் உலகம் முழுக்க வந்து, கண்டனமும் வந்தது. அந்தப் படத்துக்காக அவரைத் திட்டியவர்களுடன் நான் உடன்படவில்லை. பேச்சு வழி திறந்திருந்ததால்தான் நம்மவர்கள் ஜோர்டான் வழியாக வெளியே வர முடிந்தது. அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

மறுபக்கம், 1992இல் வெளியுறவு அமைச்சராக இருந்த மாதவ்சிங் சோலங்கி. டாவோஸ் மாநாட்டுக்குப் போன இடத்தில், போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் விசாரணை பற்றி ஒரு குறிப்பைச் சுவிஸ் வெளியுறவு அமைச்சரிடம் கொடுத்தார். விஷயம் வெளியே வந்ததும் பதவி போனது. வேறு யார் கையிலிருந்து போயிருந்தாலும் அது வெறும் காகிதம். அமைச்சர் கொடுத்தால் இந்தியாவே கொடுத்த மாதிரி.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி. பிரதமர் போகிறார் என்றால், அங்கே கையெழுத்தாகப் போகும் ஒவ்வொரு வரியும் மாதக்கணக்கில் பேசப்பட்டிருக்கும். அதைப் பேசுவது தூதரகங்களும் அமைச்சகமும். பிரதமர் திரும்பிய பிறகு, சொன்னது நடக்கிறதா என்று துரத்துவதும் அவர்களே. இப்போது அமைச்சராக இருக்கும் ஜெய்சங்கர், 2015 முதல் 2018 வரை அதே அமைச்சகத்தில் வெளியுறவுச் செயலராக இருந்தவர். அந்த மேசையின் இரண்டு பக்கமும் தெரிந்தவர்.

அப்புறம் யாரும் எழுதாத பகுதி ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட் இந்த அமைச்சகத்தின் வேலை. பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வாங்கும் குடியேற்ற அனுமதியும் இதன் கீழ்தான். காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, சம்பளமும் தரவில்லை. ‘சார், எந்த ஆபீசுக்குப் போறதுன்னே தெரியல’ என்றார். பையிலிருந்து பாஸ்போர்ட் நகலை எடுத்து மேசையில் வைத்தார். லேமினேட் செய்து, நான்கு ஓரமும் தேய்ந்து போயிருந்தது. அதிலிருந்த எண்ணை வைத்து அமைச்சகத்தின் ‘மதத்’ என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் பதிந்தோம். தூதரகம் முதலாளியிடம் பேசியது. கடைசியில் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழில் அவர் ஊர் வந்து சேர்ந்தார். சம்பள பாக்கி வரவே இல்லை.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, வேலை ஒப்பந்தம் நான்குக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ‘மதத்’ தளத்தில் புகார் பதியும்போது பாஸ்போர்ட் எண் கையில் இருக்க வேண்டும்.