பட்டியில் அடைத்த துக்கம்

வணக்கம் ஐயா,

தாராபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பாடத்தில் ‘பென்ட் அப் கிரீஃப்’ (pent-up grief) என்று வந்தது. ‘அடக்கமான துக்கம்’ என்று சொல்லிவிட்டேன். அப்போதிருந்தே மனசு ஒப்பவில்லை. ஒரு மாணவி ‘ஹீ இஸ் எ பென்ட் அப் மேன்’ என்று வாக்கியம் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் போடலாமுங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனசு ஒப்பாதது நியாயம்தான். அடக்கம் நமக்கு நற்குணம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். பென்ட் அப் என்பதில் அந்த அமைதி கொஞ்சமும் கிடையாது.

ஆங்கிலத்தில் ‘பென்’ என்றால் ஆடு மாடு அடைக்கிற பட்டி. பேனாவைச் சொல்கிற பென் வேறு; அது இறகைக் குறிக்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டியில் அடைபட்டதுதான் ‘பென்ட்’. இதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். விடிந்தும் படலைத் திறக்காத பட்டியை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, படலை முட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு நிற்கும்.

எங்கள் அப்பாரு இறந்தபோது ஆத்தா அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போடச் சொன்னார், பந்தலுக்குக் காசு எண்ணிக் கொடுத்தார். “கல்லு மனசு” என்று உறவில் சிலர் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து ஆடுகளை விற்றோம். வியாபாரி வண்டியில் ஏற்றி முடித்தார். ஆத்தா காலிப் பட்டியின் படலைச் சாத்தப் போனார், பழக்க தோஷம். அப்பாரு கட்டிய கயிற்று முடிச்சு அதில் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பொழுது சாயும்வரை ஓலம். “ஆட்டுக்கா ஆத்தா இப்படி அழுவறீங்க?” என்று வியாபாரி பயந்துபோய்க் கேட்டார். பென்ட் அப் கிரீஃப் என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்த முடிச்சுதான் கண்ணில் நிற்கிறது.

மாணவியின் வாக்கியம் சரியில்லை. இந்தச் சொல் பொதுவாக ஆளுக்குப் பொருந்தாது. ஆளுக்குள் அடைந்து கிடப்பதற்குத்தான் பொருந்தும். கோபம், துக்கம், ஏமாற்றம், துள்ளல் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். மழைக்காலத்தில் நாலு நாள் வீட்டுக்குள் கிடந்த குழந்தையின் துள்ளலும் பென்ட் அப் தான். அதிகம் பேசாத ஆளைச் சொல்ல ‘ரிசர்வ்ட்’ இருக்கிறது. ஆனால் அவள் எதைச் சொல்ல வந்தாள் என்று கேட்டுவிட்டு மதிப்பெண்ணை முடிவு செய்யுங்கள்.

வணிகப் பக்கங்களிலும் இது வரும். 2020 ஊரடங்கு தளர்ந்த பிறகு ‘பென்ட் அப் டிமாண்ட்’ என்று நிறைய எழுதினார்கள். வாங்க நினைத்தும் வாங்க முடியாமல் நின்றுபோன தேவை. அங்கே ‘தேங்கிய தேவை’ என்றால் திருப்பூரில் யாருக்கும் புரியும்.

தமிழில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கோபம் என்றால் ‘குமுறல்’ நன்றாக உட்காரும். துக்கத்துக்கு ‘உள்ளேயே அடைத்து வைத்திருந்த துக்கம்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், நீளம் பரவாயில்லை. ‘அடக்கிய’ என்பதும் தப்பில்லை. ‘அடங்கிய’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஓலம் ஓய்ந்த பிறகு ஆத்தாவுக்கு இருந்தது அது.

அன்புடன்.