‘கெட்’ படிக்க 4,000 ரூபாயா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க விருந்தினர் ஒருவர் ‘ஐ ஹாவ் காட்டன்’ என்றார். பயிற்சி மையத்தில் கேட்டால் அப்படி ஒரு சொல்லே கிடையாதாம். ‘கெட்’டின் 100 அர்த்தங்களைச் சொல்லித்தர 4,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விருந்தினர் பேசியது சரியான ஆங்கிலம். ‘காட்டன்’ (gotten, பருத்தி இல்லை) என்பது ‘கெட்’ (get) என்ற வினைச்சொல்லின் பழைய வடிவம். இங்கிலாந்தில் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது, அமெரிக்காவில் இருக்கிறது. ‘ஃபர்காட்டன்’ (மறந்துவிட்ட) மட்டும் இரண்டு நாட்டிலும் உண்டு. அது எப்படி என்று மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கர் ‘ஐ ஹாவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் அலைந்து வாங்கிவிட்டார். ‘ஐ ஹாவ் காட் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ‘காட்’ பார்க்க இறந்தகாலம், பேசுவது இப்போது இருப்பதை. போனில் ஒருவர் ‘ஹாவ் யூ காட் எ ரூம்?’ என்றால் ‘ரூம் இருக்கிறதா?’ என்று பொருள். ‘கிடைத்ததா?’ என்று எடுத்துக்கொண்டு ‘நாட் யெட் சார்’ என்றீர்களானால் அவர் வேறு விடுதியைப் பார்த்துக்கொள்வார்.

100 அர்த்தப் பட்டியல் இணையத்தில் சும்மா கிடைப்பது. அதை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள். ஆள் சேர்த்துவிடுபவருக்குக் கமிஷன் வேறு. முழுப் பணத்தை முதல் நாளே வாங்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் ‘கெட், காட்’ என்று ஒப்பிக்கவைத்து மார்க் போட்டு அனுப்பிவிடுகிறது. பேசவைத்திருந்தால் இவர்களுக்குக் கடையே இருக்காது.

நீங்கள் ‘கெட்’டுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். பொருள் வந்தால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. ‘வெட்’, ‘ஆங்ரி’ போல நிலை வந்தால் ஆவது: நனைவது, கோபப்படுவது. ‘இன்’, ‘அப்’ வந்தால் பெரும்பாலும் அசைவு.

சொல் வந்த கதையும் சுருக்கமானது. இங்கிலாந்தில் குடியேறிய வடஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் ‘கெட்டா’, அடைவது என்று பொருள். நம் ஊர் பிரெஞ்சுக்காரர்களின் ‘பிராந்த்ர்’ (எடுப்பது) கூட இதற்குத் தூரத்துச் சொந்தம். எதையும் அடைவதுதான் அடிப்படை, பொருளோ, நிலையோ, இடமோ.

அப்புறம், நம் கண்டக்டர்கள் சொல்லும் ‘கெட் டவுன்’ இங்கே செல்லும். விருந்தினரைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, இறங்கவேண்டிய இடத்தைச் சொல்ல ‘கெட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். கார் என்றால் ‘கெட் அவுட் ஆஃப் த கார்’. மொட்டையாக ‘கெட் அவுட்’ என்று நிறுத்தினால் மேனேஜரிடம் புகார் போகும்.