மேகம், சாரல், ஆலங்கட்டி: சேலத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி: ஐயா, ஏற்காடு போகும்போது பாதி வளைவு வரை நல்ல வெயில். அதற்கு மேல் லைட் போட்டால்தான் ரோடு தெரிகிறது. அது மூடுபனியா, மேகமா?

மேகம்தான். காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி. எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்கிறோம். சேலத்தில் வெப்பம் 30 டிகிரி, பனிநிலை 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 8. காற்று ஏறும்போது இது 125 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் சுருங்கும். ஆக, 1000 மீட்டர் ஏறினால் மேகம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500. மேகத்தின் அடிப்பாகம் 1280 மீட்டரில் இருந்தால் ஊரே அதற்குள் இருக்கும். ஏப்ரல் மதியம் 38 டிகிரி அடிக்கும்போது இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேகம் சேர்வராயன் கோயில் உச்சியையும் தாண்டி மேலே போய்விடும், அன்றைக்கு ஏற்காடு பளிச்சென்று இருக்கும். தை மாத விடியற்காலையில் கீழே வயல்வெளியில் படர்வது வேறு. அங்கே காற்று ஏறுவதில்லை, இரவில் தரை குளிர்ந்து அதன் மேலுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. மூடுபனி என்றால் அதுதான்.

கொண்டலாம்பட்டி: கருகருவென்று திரண்டு வருகிறது, ஒரு சொட்டு விழாமல் கலைந்துவிடுகிறது. “காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு” என்பார் அப்பா. சரியா அண்ணா?

பாதி சரி. காற்று மேகத்தை நகர்த்தும்தான், ஆனால் மேகம் திரண்டாலே மழை வந்துவிடாது. மேகத்துளியின் குறுக்களவு 0.02 மி.மீ. அளவுதான். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும், மெல்ல எழும் காற்றே அதைத் தாங்கிவிடும். 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். பெரிய துளி சிறியவற்றை மோதிச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி, பனித்துகளாக வளர்ந்து உருகி விழுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் நேரமும் உயரமும் தேவை. கறுப்பு நிறம் மேகத்தின் தடிமனைத்தான் காட்டுகிறது, வெயில் அடிவரை இறங்கவில்லை என்று அர்த்தம். கோடையில் இன்னொன்றும் பார்க்கலாம்: மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் இழை இழையாகத் தொங்கி, பாதியிலேயே மறைந்துபோகும். அது மழைதான். வறண்ட காற்றில் தரைக்கு வருமுன் ஆவியாகிவிடுகிறது.

வாழப்பாடி, மாந்தோப்பு வைத்திருப்பவர்: கத்திரி வெயிலில் ஆலங்கட்டி விழுகிறதே சார், மார்கழியில்தானே விழ வேண்டும்?

வெயில்தான் காரணமே. நம் ஊருக்கு மேல் சுமார் 5 கி.மீ. உயரத்தில், கத்திரியிலும் வெப்பநிலை பூஜ்யம்தான். அதற்கு மேலேயும் மேகத்துளிகள் உடனே உறைந்துவிடுவதில்லை. உறைவதற்கு ஏற்ற தூசி கிடைக்காவிட்டால் மைனஸ் 20 டிகிரியில்கூட நீராகவே மிதக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு பனித்துகள் புகுந்தால், தொட்ட துளியெல்லாம் அதன் மேல் உறைகிறது. கொதிக்கும் தரையிலிருந்து சீறி எழும் காற்று அந்தக் கட்டியை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அது மேலும் மேலும் வளர்கிறது. சட்டென்று உறைந்தால் காற்றுக்குமிழ் சிக்கி வெள்ளையாகிறது, மெதுவாக உறைந்தால் கண்ணாடி மாதிரித் தெளிகிறது. அடுத்த முறை பெரிய கட்டி ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், சின்ன வெங்காயத்தை நறுக்கினது போல வளையங்கள் தெரியும். எழும் காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழுகிறது. மார்கழி மேகத்துக்கு அந்தத் தூக்கும் வேகம் கிடையாது.

விழுகிற வழியெல்லாம் கரைந்துகொண்டே வரும். ஏற்காடு சேலத்தைவிட 1.2 கி.மீ. உயரத்தில் இருப்பதால் அங்கே விழும் கட்டிக்குக் கரைய நேரம் குறைவு. மலை மேல் கல் விழும்போது அடிவாரத்தில் பெரிய பெரிய குளிர்ந்த சொட்டுகள் மட்டும் விழலாம்.

அம்மாப்பேட்டை, பள்ளி மாணவி: ஏற்காட்டில் ஸ்னோ விழுமா அங்கிள்?

விழாதும்மா. பனித்துகள் தரைவரை கரையாமல் வர, தரையருகிலும் பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். ஆனால் நீ நனைகிற இடிமழையில் பெரும்பகுதி மேலே பனியாக இருந்து உருகியதுதான்.

ஏற்காடு, காபித் தோட்டம்: மார்ச், ஏப்ரலில் காபியைப் பூக்க வைக்கிற மழை அரை மணியில் கொட்டி முடிகிறது. ஐப்பசியில் நாள் முழுக்க நசநசவென்று சாரல். ஏன்?

காற்று ஏறும் விதம் வேறு. கோடையில் தரை சூடாகி, குறுகிய இடத்தில் காற்று செங்குத்தாக எழுகிறது. மேகமும் சில கி.மீ. அகலத்தில் உயரமாக வளர்ந்து கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால், நூற்றுக்கணக்கான கி.மீ. பரப்பில் காற்று நிதானமாக ஏறி, வானம் முழுக்கப் பாய் விரித்த மேகமாகிறது. துளி சிறிது, மழை நீளம். ஆவணி, புரட்டாசி ராத்திரி மழை இரண்டும் கலந்தது. சாயங்காலம் இடியோடு தொடங்கும், பல மேகங்கள் ஒன்று சேர்ந்தபின் அவற்றின் பரந்த மேற்பகுதியிலிருந்து விடிய விடியத் தூறும். “அந்தி மழை அழுதாலும் விடாது” என்று பெரியவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

ஓமலூர்: 40 மி.மீ. மழை என்றால் எவ்வளவு?

ஒரு சதுர மீட்டர் தரையில் 40 லிட்டர். நேரான சுவருள்ள பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். வானிலை ஆய்வு மையத்தைப் போல நீங்களும் காலை 8.30 மணிக்குக் குறித்தால் ஒப்பிட வசதி.

ஆத்தூர், சேகோ ஆலை: களத்தில் ஜவ்வரிசி காயும்போது மழை வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

மேகத்தின் உச்சியைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, உருண்டு திரண்டு இருந்தால் இன்னும் நீர்த்துளிதான், வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஓரம் மங்கி நார் நாராகப் பிரிந்தால் மேலே பனி உருவாகிவிட்டது. தார்ப்பாயை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். திடீரென்று குளிர்ந்த காற்று வீசும் வரை காத்திருந்தால் தாமதம். பக்கத்தில் ஏற்கெனவே பெய்கிற மழை இழுத்து வந்த காற்று அது, சில நிமிடங்களில் உங்கள் தலைக்கு மேல் வந்துவிடும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. ஆனால் தூரத்தை எண்ணிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரம்தான். ஆட்களைக் கட்டிடத்துக்குள் அனுப்பிவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி களத்தில் இறக்குங்கள்.