குஞ்சு மீனுக்கு முதல் தீனி: வினிகர் புழு

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தூள் தீவனத்தைத் தொடவே இல்லை, என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அசைகிற தீனியைத்தான் அவை விரட்டிப் பிடிக்கும். என் தேர்வு வினிகர் புழு, அதாவது வினிகரில் வாழும் மிக நுண்ணிய நூல் போன்ற புழு. அதை வளர்க்க ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு ஆப்பிள் துண்டு, புழு உள்ள பழைய கரைசல் கொஞ்சம். பாட்டில் வாயைத் துணியால் கட்டுங்கள். சில வாரங்களில் பெருகி, மாதக்கணக்கில் தாங்கும்.

சரி, பிரித்தெடுப்பது எப்படி? நீள்கழுத்து பாட்டிலில் கழுத்தடி வரை கரைசலை ஊற்றி, ஃபில்டர் பஞ்சு அடைத்து, மேலே குளோரின் இல்லாத தண்ணீர் விடுங்கள். காற்றைத் தேடிப் புழுக்கள் ஒரே இரவில் மேலே ஏறிவிடும். அந்தத் தண்ணீரை மட்டும் கொடுங்கள். வினிகர் தொட்டிக்குள் போகவே கூடாது. மிஞ்சிய புழு நன்னீரிலும் சில நாள் உயிரோடு நீந்தும். குஞ்சு வளர்ந்ததும் ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர், கொடுக்கலாம்.