ஐஐடி மெட்ராஸில் பி.டெக் மாணவர்களுக்கும் ஆராய்ச்சி வாய்ப்பு உண்டா? படிப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

உண்டு. பேராசிரியரிடம் நேரில் கேட்டு புராஜெக்டில் சேர்வது ஒரு வழி. ஆனால் நான் முதலில் சொல்வது சிஎஃப்ஐ, அதாவது சென்டர் ஃபார் இன்னோவேஷன். 2008-ல் தொடங்கிய இந்தக் கூடத்தை நடத்துவது மாணவர்களே. பந்தயக் கார் கட்டும் ரஃப்தார் குழு, காற்றழுத்தம் குறைத்த குழாய்க்குள் அதிவேகமாகப் போகும் ஹைப்பர்லூப் வாகனத்தில் இறங்கிய ஆவிஷ்கார் குழு எல்லாம் இங்கேதான். ஆவிஷ்கார் 2019-ல் அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனது. பாடத்தில் வரும் சமன்பாடு, கையில் உலோகமாகும்போதுதான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றலாம், அது வேறு கதை.

அப்புறம் விழாக்கள். தொழில்நுட்பத்துக்கு சாஸ்த்ரா, கலைக்கு சாரங். இரண்டையும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள், பிற கல்லூரி மாணவர்களும் பங்கேற்கலாம். விடுதிகளுக்கு காவிரி, நர்மதா என்று நதிகளின் பெயர். வளாகத்தில் மான்களும் குரங்குகளும் உண்டு; ஜன்னலை மூடிவிட்டுப் போங்கள்.