விரிவுரையாளருக்குக் கிடைப்பது கல்விசாரா ஊழியருக்கு ஏன் இல்லை?

கேள்வி கேட்டவர் ஒரே பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற இரண்டு கூட்டத்துக்கும் சலுகைகளில் ஏன் இத்தனை இடைவெளி, அது நியாயமா என்று கேட்டிருக்கிறார். நான் இலங்கையில், வன்னியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். கல்விசாரா ஊழியர். பக்கச்சார்பு இருக்கும், அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் ஒன்று. இதையெல்லாம் அந்தந்த நிர்வாகம் தீர்மானிப்பதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள்தான் தீர்மானிக்கின்றன. பேராதனையில் என்ன வித்தியாசமோ அதேதான் இங்கேயும். விரிவுரையாளருக்கு ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு சபட்டிக்கல் லீவு (படிக்கவும் ஆய்வு செய்யவும் கொடுக்கிற விடுமுறை), ஆய்வுக் கொடுப்பனவு, 65 வயது வரை வேலை. எங்களுக்கு முதல் இரண்டும் இல்லை, 60 வயதில் வீட்டுக்கு.

சபட்டிக்கலில் எனக்குக் கோபம் இல்லை. படிப்பிக்கிறவர் படித்துக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். எரிச்சல் வருவது வேறு இடத்தில். எங்கள் வாசலில் விரல் ரேகை மெசின் ஒன்று இருக்கிறது, எங்களுக்கு மட்டும். மாங்குளம் பக்கத்திலிருந்து வரும் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் எனக்கு அரை நாள் லீவு வெட்டு. நான் கரைசல் எல்லாம் கலந்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும்போது விரிவுரையாளர் சேர் பத்து மணிக்கு வருவார். கேட்டால், இரவு வீட்டில் பேப்பர் திருத்தினவர் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் வீட்டில் இருந்து செய்த வேலையை அந்த மெசினுக்குச் சொல்ல வழியில்லை.

சரி, இது எங்கள் பாடு. கேள்வியில் வராத மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. துப்புரவும் காவலும் எங்கள் இடத்தில் தனியார் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டவை. எங்கள் மாடியைக் கூட்டுகிற அக்கா எனக்கு முன்னமே இங்கே வந்தவர். ஸ்ராஃப் மலசலகூடத்தைத் தினமும் கழுவுகிறவர் அவர்தான், கழுவி முடித்ததும் பூட்டித் திறப்பை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். தன் தேவைக்கு விடுதிப் பக்கம் நடந்து போவார்.

2024 மே 2ஆம் திகதி நாங்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கினோம், இரண்டு மாதத்துக்கு மேல் போனது. கட்டடம் பூட்டிக் கிடந்ததால் அக்காவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. வழியில் கண்டு, "தம்பி, உங்கட ஸ்ரைக் எப்ப முடியும்?" என்று கேட்டார். எங்கள் கோரிக்கைத் துண்டுப்பிரசுரம் என் கையில்தான் இருந்தது. அதில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

சேமலாப நிதியைப் பாருங்கள். எனக்கும் சேருக்கும் சம்பளத்தில் 10 வீதம் வெட்டி, பல்கலைக்கழகம் 15 வீதம் போடுகிறது. அந்த விடயத்தில் இரண்டு பேரும் ஒன்று. அக்காவுக்குச் சட்டப்படி வெட்டுவது 8 வீதம், கம்பெனி போட வேண்டியது 12. போன வருடம் அவரோடு தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தோம். அவரிடம் வெட்டிய மாதங்களில் சில கணக்கிலேயே இல்லை. முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம் பணிக்கொடை, வேலையை விட்டுப் போகும்போது முதலாளி மொத்தமாகக் கொடுக்க வேண்டிய காசு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு முதலாளியிடம் ஐந்து வருடம் வேலை செய்தால்தான் அது கிடைக்கும். இங்கே ஒப்பந்தம் ஒரு வருடம், இரண்டு வருடம்தான். இந்த வருடமும் கம்பெனி மாறிவிட்டது. அக்காவுக்குப் புதுச் சட்டையும் புது அடையாள அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த திகதி என்று அந்த அட்டையில் போன மாதம் போட்டிருக்கிறது.