பகலில் பழுப்பு, இரவில் சிவப்பு: எந்த மார்ஃப் இது?

கேள்வி: 'ரெட் எக்ஸ்ட்ரீம் ஹார்லிக்வின்' மார்ஃப், அதாவது அந்த நிற, கோல வகை என்று சொல்லி மூன்று மாதக் கிரெஸ்டட் கெக்கோ குஞ்சு ஒன்றை விற்றார்கள். படத்தில் செக்கச்செவேல் என்றிருந்தது. வீட்டில் பகல் முழுவதும் மங்கிய பழுப்பாகக் கிடக்கிறது. 'ஹெட் அசாந்திக்' என்று வேறு கூடுதல் பணம் வாங்கினார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பழுப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். இது இரவில் நடமாடும் பல்லி. பகலில் உறங்கும்போது நிறம் இறங்கும். இரவில் விழித்துத் திரியும்போது ஏறும். விற்பவர் உங்களுக்கு அனுப்பியது ஏறிய நேரத்துப் படம். பகல் படத்தையும் கேட்டிருக்க வேண்டும்.

நிறத்தை விட்டுவிட்டுக் கோலத்தைப் பாருங்கள். விளக்கணைத்து, தண்ணீர் தெளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பின்னங்காலைக் கவனியுங்கள். வெளிர் நிறம் முதுகோடு நின்று, விலாவில் லேசாகத் தீற்றியிருந்தால் அது ஃபிளேம். விலாவில் ஏறி, தொடையிலும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தால் ஹார்லிக்வின். விலாவின் பெரும்பகுதியை அது மூடினால்தான் எக்ஸ்ட்ரீம். எவ்வளவு மூடினால் பெரும்பகுதி? அதற்கு எல்லோரும் ஏற்கும் அளவுகோலே கிடையாது. 1994இல் நியூ கலிடோனியாவில் மீண்டும் கண்டறியப்படும்வரை அழிந்துபோனதாகக் கருதப்பட்ட உயிர் இது. அதற்குள் இத்தனை பெயர்கள்! ஆளுக்கொரு பெயர் சூட்டி, பெயருக்கொரு விலை வைக்கிறார்கள், வாங்குகிறவர்தான் அல்லாடுகிறார். மூன்று மாதக் குஞ்சின் நிறமும் கோலமும் வளர வளர மாறும். ஒரு வயதைத் தாண்டும்வரை எந்தப் பெயரும் அனுமானம்தான்.

'ஹெட்' விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அசாந்திக் என்றால் சிவப்பும் மஞ்சளும் இல்லாத, கறுப்பு வெள்ளை சாம்பல் உடல். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் அது வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு அதைச் சுமக்கும், அவ்வளவே, அதுதான் ஹெட். உடலைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. பெற்றோரில் ஒன்று அசாந்திக்காக இருந்தால் குஞ்சு உறுதியாக ஹெட். பெற்றோர் இரண்டுமே வெறும் ஹெட் என்றால், சாதாரணமாகத் தெரியும் குஞ்சு ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டுதான். பெற்றோரின் படத்தைக் காட்டாதவருக்கு அந்தச் சொல்லுக்காகப் பணம் தராதீர்கள். இடைத்தரகர் 'வளர்ப்பவர் அப்படித்தான் சொன்னார்' என்பார். அது சான்று ஆகாது.

வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மார்ஃப் லில்லி ஒயிட். ஒரு பிரதி மரபணு இருந்தாலே, முட்டையிலிருந்து வரும்போதே விலாவின் கீழ்ப்பகுதியிலும் முதுகிலும் வெண்மை துலங்கும். ஆனால் இரண்டு பிரதி சேர்ந்த குஞ்சு பிழைப்பதில்லை. முட்டைக்குள்ளேயோ பொரிந்த சிறிது நேரத்திலோ இறந்துவிடும். இரண்டு லில்லி ஒயிட்டுகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு முட்டைக்கு இந்தக் கதிதான். தெரிந்தும் 'இனப்பெருக்க ஜோடி' என்று இரண்டையும் சேர்த்து விற்கிறார்கள். அப்படி யாராவது நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். லில்லி ஒயிட்டை எப்போதும் லில்லி ஒயிட் அல்லாத துணையோடுதான் சேர்க்க வேண்டும்.

உங்கள் குஞ்சை மாதம் ஒருமுறை, இரவில், ஒரே வெள்ளை விளக்கின் கீழ் முதுகுப்பக்கமும் விலாப்பக்கமும் படமெடுத்து வையுங்கள். விற்றவரிடம் பெற்றோரின் பகல் படத்தையும் இரவுப் படத்தையும் இன்றே கேளுங்கள். தர மறுத்தால் 'ஹெட்'டுக்கு வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.